சனிக்கிழமை காலை ஒன்பது மணி அமர்வு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் துர்க்கு நகரில் எங்கள் வணிகப் பள்ளியின் மூன்றாம் மாடிக் கூட்ட அறை வேறு யாருக்கும் கிடைக்காது. கதவில் அறிவிப்பு எதுவும் இருக்காது. உள்ளே இர்மெலி சாரிக்கோ மாநாட்டு நிரல் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். நீள மேசை நிறைய, அதுவும் போதாமல் ஜன்னல் விளிம்பிலும், காகிதத் துண்டுகளைப் பரப்பி வைத்திருப்பாள். ஒரு துண்டு என்றால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. அதில் தலைப்பு, எழுதியவர் பெயர், ஊர், எந்த நாளில் அவரால் வர முடியாது என்ற குறிப்பு. காற்று வரட்டுமே என்று யாராவது ஜன்னலைத் திறந்தால் அன்றைக்கு அவர் தொலைந்தார்.

இந்த வேலையைக் கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் செய்துவிடும் என்று சொல்லாதவர் இல்லை. ஒரு வருடம் செய்தும் காட்டியது. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு டென்மார்க் பேராசிரியர்களை ஒரே அறையில் அடுத்தடுத்துப் போட்டது. சேர்ந்தே இரண்டு கட்டுரை எழுதிய ஒரு தம்பதியை ஒரே நேரத்தில் இரண்டு மாடிகளில் பேச வைத்தது. வியாழக்கிழமை ஊருக்குத் திரும்புகிறவரை வெள்ளிக்கிழமை மேடை ஏற்றியது. அதற்குப் பிறகு இர்மெலியிடம் யாரும் கம்ப்யூட்டரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அவள் துறையின் செயலர். பன்னாட்டு மேலாண்மைத் துறை என்று பெயர்ப் பலகை சொல்லும். ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டில் போய்க் கடை விரித்தால் என்ன ஆகிறது, அங்கே ஆட்கள் எப்படி ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்கிற இடம். ஆராய்கிறவர்கள் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரின் பயணம், விருந்தாளி, அறைச் சாவி, மாநாடு எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்வது இர்மெலி.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். அது மூடப்பட்டதும் எங்களிடம் வந்தாள். முப்பத்தெட்டாவது வயதில், யாருக்கும் சொல்லாமல், மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஒன்பது வருடம் படித்து முதுகலைப் பட்டம் வாங்கினாள். நல்லது நடந்தால், நடந்தவரே கேக் வாங்கி வந்து காபி அறையில் வைப்பது எங்கள் வழக்கம். இர்மெலி ஒரு பெரிய ஸ்ட்ராபெரி கேக்கைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம். எதற்காகக் கேக் என்று பாதிப் பேர் கேட்கவும் இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கும் நாலு வருடம் கழித்து, அவளுக்கு ஐம்பத்தோரு வயது நடக்கும்போது, முனைவர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். அதைப் பார்த்துச் சேர்க்கைக் குழு திகைத்துப்போனது. வயதைச் சொல்லி மறுக்கச் சட்டம் இல்லை. செயலர் வேலையைச் சொல்லி மறுக்க முகம் இல்லை. ஆகவே ஒரு நிபந்தனை போட்டார்கள். அந்த ஜூன் மாதம் நடக்கும் மாநாட்டில் அவள் தன் கட்டுரையைப் படிக்க வேண்டும். அதை நேரில் கேட்ட வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருவர், இந்த வேலை தேறும் என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும். எங்கள் ஆட்களின் கடிதம் செல்லாது. கடிதம் வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் இல்லை.

நிபந்தனையைத் துறைத் தலைவர் ஔலிஸ் கிவெலாதான் அவளிடம் வந்து சொன்னார். நல்ல மனிதர். யாரையும் புண்படுத்தக்கூடாது என்பதற்காக எதையுமே முழுதாகச் சொல்லமாட்டார். அன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

வந்ததும் சாதாரண மாநாடு அல்ல. அதுவரை நாங்கள் நடத்தியதெல்லாம் நாங்களும் சுவீடனும் நார்வேயும் டென்மார்க்கும் கூடும் சின்னக் கூட்டங்கள். இந்த முறை முதன்முதலாக ஐரோப்பா முழுக்கவும், அதைத் தாண்டியும் ஆட்கள் வருகிறார்கள். நூற்று அறுபத்தேழு கட்டுரைகள் தேறின. அதில் ஒன்று இர்மெலியுடையது. பெயரை மறைத்துத்தான் திருத்துவார்கள் என்பதால் அது செயலரின் கட்டுரை என்று திருத்தியவர்களுக்குத் தெரியாது. ஒருவர் தாராளமாகவும் இன்னொருவர் அரை மனதோடும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

ஏழு அறைகள், மூன்று நாட்கள், நாற்பத்திரண்டு அமர்வுகள். அமர்வுக்கு நாலு கட்டுரை. கணக்குப்படி ஒரே ஒரு அமர்வில் மட்டும் மூன்று கட்டுரைதான் வரும். எந்தத் தலைப்பிலும் ஒட்டாமல் மிஞ்சிப்போன கட்டுரைகளை ஒரு அமர்வில் தள்ளி, அதற்கு ‘பண்பாடும் மேலாண்மையும்: புதிய பார்வைகள்’ என்று பெயர் வைப்பது உலகம் முழுக்க நிரல் போடுகிறவர்களின் பழக்கம். புதிய பார்வைகள் என்று பார்த்தாலே அது மிச்சக் கட்டுரை டப்பா என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். அதைப் போடும் இடமும் தெரியும்: கடைசி நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. முந்தைய நாள் பெரிய விருந்து. விருந்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் சௌனா, அதாவது வெப்ப அறைக் குளியல். ஜூன் மாதத்தில் எங்களுக்கு இருட்டே கிடையாது என்பதால் யாரும் நேரத்தோடு படுப்பதில்லை. சனிக்கிழமை காலையில் பேசுகிறவர் மற்றப் பேச்சாளர்களுக்கும் அமர்வுத் தலைவருக்கும்தான் பேச வேண்டும்.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் ஔலிஸ் கூட்ட அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஜன்னலோரம் சனிக்கிழமைக் காகிதங்களுக்கு நடுவே இர்மெலியின் பெயரைக் கண்டார்.

“இது இங்க ஏன் கிடக்கு? வியாழக்கிழமை மத்தியானம் போடுங்க. எல்லாரும் அப்பதான் முழிச்சிருப்பாங்க.”

“வியாழன் மத்தியானம் நிறைஞ்சிடுச்சு.”

“ஒருத்தரத் தூக்கி இங்க போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே,” என்றாள் இர்மெலி. “இருபத்திரண்டு வருஷமா ஆளாளுக்கு வந்து நல்ல இடம் கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. இப்ப நானே எடுத்துக்கிட்டா நாளைக்கு எவன் முகத்துல முழிக்கிறது?”

“உங்களுக்கு வெளியாள் ஒருத்தராவது வேணும், இர்மெலி.”

“ஒருத்தர்தானே. வருவாரு.”

ஔலிஸ் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த விஷயத்தில் அவள் பிடித்த பிடியை விடமாட்டாள். போதாக்குறைக்கு இன்னொரு காரியமும் செய்தாள். அந்த அமர்வில் இருந்த ஒரு ஸ்பெயின்காரரையும் ஒரு போலந்துக்காரரையும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, அந்த இடத்தில் எங்கள் துறையின் ஹன்னெலேயையும் ஓய்வுபெற்ற கௌகோவையும் போட்டாள். வெகு தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல நேரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் நாம் சனிக்கிழமையைச் சகித்துக்கொள்வதுதான் மரியாதை என்றாள். அமர்வுத் தலைவராக வெளியாள் யாரும் ஒத்துக்கொள்ளாததால் ஔலிஸே தலைவர். ஆக, நாற்பத்திரண்டு அமர்வுகளில் முழுக்க முழுக்க உள்ளூர்க்காரர்கள் இருந்த ஒரே அமர்வு அதுதான்.

அவள் கணவன் வெய்யோ சுவீடன் போகும் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்க்கிறான். ஒரு வாரம் கப்பல், ஒரு வாரம் வீடு. வீட்டில் இருக்கும் வாரத்தில் கட்டுரையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பான். புரிந்ததா என்று அவள் கேட்டால், ரொம்பப் புரியுது, அதனாலதான் சந்தேகமா இருக்கு, ஆராய்ச்சின்னா இவ்வளவு புரியலாமா என்பான்.

கட்டுரை புரியத்தான் செய்யும். வேலைக்கு வந்த நாளிலிருந்து, வெளிநாட்டிலிருந்து வந்து எங்களிடம் தங்கி வேலை பார்த்தவர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளை இர்மெலி ஒரு நோட்டில் எழுதி வைத்தாள், தேதியோடு. முதலில் மறந்துவிடாமல் பதில் சொல்வதற்காக. பிறகு பழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் யாரும் பேசாவிட்டால் அது சம்மதமா மறுப்பா? காபி நேரத்தில் வேலையைப் பற்றிப் பேசலாமா? என் அறைக்கதவு திறந்திருந்தால் அழைப்பு என்று அர்த்தமா? ஜூலை மாதம் எல்லோரும் எங்கே போய்விட்டீர்கள்? இப்படி ஆயிரத்து நூற்று நாற்பது கேள்விகள். மாலை வகுப்பில் கற்றுக்கொண்டதை வைத்து அவற்றை அடுக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. வந்த புதிதில் எல்லோரும் கேட்கிறார்கள். ஏழாவது எட்டாவது மாதத்தில் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவு நாள் ஆகிவிட்டது, இன்னும் இதைக்கூடத் தெரியாமல் கேட்பதா என்ற கூச்சம். அப்படி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் மூட்டை கட்டிவிட்டார்கள். தொடர்ந்து கேட்டுத் தொல்லை கொடுத்தவர்கள் தங்கிவிட்டார்கள். கேள்வி குறைந்தால் ஆள் பழகிவிட்டார் என்று நிறுவனங்கள் நிம்மதி அடைகின்றன. நிம்மதி அடையக்கூடாது, கவலைப்பட வேண்டும் என்பதுதான் அவள் சொல்ல வந்தது.

மாநாடு வந்தது. வியாழனும் வெள்ளியும் மழை இல்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் ஔரா ஆற்றின் கரையில் கழுத்தில் பெயர் அட்டையோடு திரிந்தார்கள். நிரலில் ஒரு குறை யாரும் சொல்லவில்லை. அமர்வுத் தலைவர்கள் ஏறக்குறைய எல்லோருமே வெளியூர்க்காரர்கள். டாண் என்று மணிக்குத் தொடங்கி மணிக்கு முடித்தார்கள். நாங்கள் ஒவ்வொரு அமர்வுக்கும் சற்றுப் பிந்திப் போய்க் கதவோரம் நின்றோம். இந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு என்னதான் அவசரமோ என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதோடு சரி. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. இர்மெலிக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை விருந்தில் போர்ட்டோவிலிருந்து வந்த ஒலிண்டா தவாரெஸ் என்ற பெண்மணி இர்மெலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெளிநாட்டு நிறுவனங்களில் ஆட்கள் ஏன் வேலையை விடுகிறார்கள் என்று முப்பது வருடமாக எழுதி வருபவர். இர்மெலி அவருடைய எல்லாக் கட்டுரையையும் படித்திருந்தாள். அன்று இரவு அவருக்கு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை மூன்று முறை நகர்த்திக் கொடுத்தாள். நாளைக்கு என் அமர்வுக்கு வாருங்கள் என்ற ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அது கேட்டு வாங்கியதாகிவிடும் என்று நினைத்தாள். என்ன பெண் இவள் என்று எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

சனிக்கிழமை காலை அவள் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு, கட்டுரையை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். ஒன்பது பன்னிரண்டுக்குக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். நடைவழியில் ஆறு அறைகளிலும் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்துவிட்டார்களே, பாவம், தூக்கம் கலைந்திருக்காது என்று நினைத்துக்கொண்டே ஏழாவது அறைக்குப் போனாள். ஹன்னெலேயும் கௌகோவும் அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஔலிஸ் பின்னாலேயே வந்தார். வேறு யாரும் இல்லை.

ஆனால் முன் வரிசையில் ஆறு நாற்காலிகள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றின் கீழே காபிக் குவளை. இர்மெலி தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளைப் பலகையில் யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: “ஒன்பது பத்து வரை காத்திருந்தோம். ஆறு பேர். அமர்வு ரத்து என்று நினைக்கிறோம். கேட்க ஆசையாக இருந்தது. வருத்தம்.”

நாலு பேரும் அதைப் படித்தார்கள். ஔலிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது, ஒன்பதேகாலுக்கு.

எங்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்பது மணி வகுப்பு என்றால் ஒன்பதேகாலுக்குத் தொடங்கும். எந்த மணியானாலும் கால் மணி கழித்துத்தான். யார் தொடங்கி வைத்த வழக்கம் என்று தெரியாது. சுவீடனிலும் நார்வேயிலும் டென்மார்க்கிலும் அப்படித்தான், அதனால் இத்தனை வருடக் கூட்டங்களில் இது ஒரு விஷயமாகவே இல்லை. மூச்சு விடுவதை யாராவது நிரலில் எழுதுவார்களா? வெளியூர்த் தலைவர்கள் இருந்த நாற்பத்தோரு அமர்வும் கடிகாரப்படி நடந்தன. எங்கள் ஆட்களே நிறைந்த அமர்வு மட்டும், மரியாதை என்று அவள் தன் கையால் ஒதுக்கிப் போட்ட அமர்வு, எங்கள் கடிகாரப்படி நடக்க இருந்தது.

இர்மெலி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. முகம் மட்டும் தீயில் காட்டியது போலச் சிவந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது கேள்விகளை எழுதி வைத்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்ற அவமானம். ஆறு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் போதும் என்று இருந்தவளுக்கு ஆறு பேர்.

ஔலிஸ் தொண்டையைச் செருமினார். “படிச்சிடுங்க இர்மெலி. நாங்க கேக்குறோம். அமர்வு நடந்துச்சுன்னு நான் எழுதித் தரேன். குழுகிட்ட பேசிப் பாக்கலாம்.”

“வெளியாள் கடிதம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன். இப்ப என்ன பண்றது? போயிட்டாங்களே.”

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆற்றங்கரைச் சாலை. அதைத் தாண்டி ஏர்போர்ட் போகும் பஸ்ஸின் நிறுத்தம். அங்கே சூட்கேஸ்களோடு ஆறு பேர். எங்கள் ஊர்க்காரர்களாக இருந்தால் ஆளுக்கு இரண்டு மீட்டர் தள்ளி வரிசையாக நின்றிருப்பார்கள். இவர்கள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஏதோ பிஸ்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒலிண்டா தவாரெஸ். சனிக்கிழமை பஸ் அரை மணிக்கு ஒன்று. அடுத்தது ஒன்பது நாற்பதுக்கு.

இர்மெலி உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். படியில் இறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஔலிஸ், ஹன்னெலே, கௌகோ மூன்று பேரும் வந்தார்கள். கௌகோவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவரிடம் பேசுவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். இர்மெலி ஐம்பத்தோரு வருடத்தில் செய்ததில்லை. அவள் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

“என் பேரு இர்மெலி. ஒன்பது மணிக்கு நீங்க கேக்க வந்த கட்டுரை என்னோடது. இங்க ஒன்பதுன்னா ஒன்பதேகால். எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு யாரும் சொல்லல. நிரல் போட்டவ நான், நானும் சொல்லல. மன்னிச்சிடுங்க. பஸ் வர இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு. கட்டுரை பதினஞ்சு நிமிஷம்தான்.”

ஓரத்தில் இருந்த நெதர்லாந்துக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். புதியவனுக்கு யாரும் சொல்லாத விஷயங்களைப் பற்றிய கட்டுரையாயிற்றே அது, செயல்முறை விளக்கத்தோடு வந்திருக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இர்மெலியும் சிரித்தாள். ஔலிஸ் முறைப்படி அமர்வைத் தொடங்கி வைத்து, கையில் கடிகாரத்தோடு விளக்குக் கம்பத்தின் அருகில் நின்றுகொண்டார்.

அவள் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னாள். தேதியோடு கேள்விகள், நின்றுபோன கேள்விகள், கிளம்பிப்போன ஆட்கள். எட்டாவது மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்ட ஒரு ஹங்கேரிக்காரரைப் பற்றிச் சொன்னாள். அவருக்கு எல்லாம் பழகிவிட்டது என்று தானும் சந்தோஷப்பட்டதை, ஒரு வருடம் கழித்து அவர் மேசையைக் காலி செய்த அன்றுதான் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததைச் சொன்னாள். இது கட்டுரையில் இல்லை.

இப்படி நீண்டுபோனதில், முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. எங்கள் பஸ் நேரம் தவறாது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார். இர்மெலி பேச்சை நிறுத்தினாள். இரண்டு பேர் தயங்கித் தயங்கி, கையை இறுகக் குலுக்கி, விமானம் இருக்கிறது என்று சொல்லி ஏறினார்கள். நாலு பேர் எழுந்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

“ம், சொல்லுங்க,” என்றார் ஒலிண்டா.

அவள் சொல்லி முடித்தாள். ஔலிஸ் கேள்விகள் உண்டா என்று கேட்டார். ஒலிண்டா பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு, மடியில் குறிப்பெடுத்து வந்த காகிதத்தில் எதையோ அடிக்கோடிட்டார்.

“ஒண்ணு கேக்குறேன். இவங்க எல்லாரும் உங்ககிட்ட வந்து கேட்டவங்க. உங்ககிட்ட வரவே வராதவங்க இருப்பாங்க இல்ல? முதல் நாள்லேருந்தே ஒண்ணுமே கேக்காதவங்க? அவங்க போனாங்களா இருந்தாங்களா? அது தெரியாம கேள்வி நின்னாத்தான் ஆள் போவாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

கூர்மையான கேள்வி. ஹன்னெலே தரையைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவள் இர்மெலி. எந்த அறை, எந்தப் படிவம், எந்தப் பஸ், எதற்கும்.

“தெரியல,” என்றாள். பிறகு ஔலிஸை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒலிண்டாவிடமே சொன்னாள்: “அதக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாலு வருஷம் வேணும். முனைவர் படிப்புக்கு இடம் கேட்டிருக்கேன். நீங்க கேட்டத வச்சு ஒரு கடிதம் எழுதித் தந்தா இடம் கிடைக்கும். தருவீங்களா?”

வாழ்நாளில் தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது என்று நினைக்கிறேன்.

“யாரு மேற்பார்வை?” என்று கேட்டார் ஒலிண்டா.

இர்மெலி வாயைத் திறப்பதற்குள் ஔலிஸ், “நான்,” என்றார். ஜன்னல் எதுவும் பக்கத்தில் இல்லாததால் அவளைப் பார்த்தே சொன்னார். “நான்தான் பாக்கப்போறேன். முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

ஒலிண்டா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சூட்கேஸை மடியில் வைத்து எழுதினார். ஒரு பக்கம் நிறைந்தது, திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். பத்து பத்துக்கு அடுத்த பஸ் வரும்போது கையெழுத்துப் போட்டு, மடிக்காமல் அப்படியே கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் ஆகஸ்டில் குழு இர்மெலியைச் சேர்த்துக்கொண்டது.

பஸ் திரும்பிப் போன பிறகு அவள் காலியான பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். பொறுமையான சேகரிப்பு, யாரிடமும் இல்லாத தரவு என்றெல்லாம் மேலே இருந்தது. பின்பக்கத்தில் இப்படி: “மூன்று இடங்களில் நான் இவரோடு உடன்படவில்லை. அவற்றைக் கீழே எழுதுகிறேன். இவர் எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.” அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு நெருக்கமாக எழுதியிருந்தார்.

இர்மெலியின் மேசை இழுப்பறை நிறைய நன்றி அட்டைகள் இருக்கின்றன. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவை. உடன்படவில்லை என்று இதுவரை அவளுக்கு யாரும் எழுதியதில்லை. அவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை, மூன்று முறை படித்தாள். ஔலிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன எழுதியிருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டார்.

“முதல் ரெண்டும் சரி,” என்றாள் இர்மெலி. “மூணாவது இடத்துல அவங்க சொல்றது தப்பு.”